அப்பாவின் சொத்துக் கணக்கை வாசிப்பது எப்படி?

வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர் இறந்து, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, இலங்கையின் வன்னியில் பல வீடுகளில் ஒரு சீ.ஆர். கொப்பி திறக்கப்படுகிறது. செத்தவீட்டுச் செலவு, உரக்கடைக் கடன், வங்கியில் எடுத்த காசு என்று மூத்த மகனோ மருமகனோ அதில் எழுதத் தொடங்குகிறார். பெரும்பாலும் அவர் நேர்மையாகவே எழுதுகிறார். ஆனால் அந்தச் சொத்தில் பங்குள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கொப்பியைப் பார்க்கவும், விளங்காத வரியை விளக்கும்படி கேட்கவும், பிழையான வரியைத் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு என்பது வீட்டில் பலருக்குத் தெரிவதில்லை. ‘கணக்குக் கேட்டால் அண்ணை மனம் நோவார்’ என்று தங்கைமார் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பேசாமல் விட்ட அதே கேள்வி பத்து வருடம் கழித்து வழக்காக வரும்போது, சிட்டைகளும் இருப்பதில்லை, விவரம் தெரிந்த பெரியவர்களும் இருப்பதில்லை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒருவர் இறந்ததும் அவருடைய காணி, காசு, நகை, வாகனம், அவருக்கு வர வேண்டிய கடன், அவர் கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாகக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. கடன்கள் தீர்ந்து மிஞ்சுவதே உரித்தாளர்களுக்குப் பங்காகிறது. அதுவரை அந்தத் தொகுதியைப் பொறுப்பாகப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். இறந்தவர் மரணசாதனம் (உயில்) எழுதி, அதில் ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் அவர் நிறைவேற்றாளர். எழுதாமல் இறந்திருந்தால் நீதிமன்றம் நியமிப்பவர் நிருவாகி. இருவருடைய அதிகாரமும் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும் மரணசாதன வழக்கின் வழியாகவே உறுதியாகிறது. அந்த வழக்கின் நடைமுறையை 1889ஆம் ஆண்டின் சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 38ஆம் அத்தியாயம் சொல்கிறது. வன்னியில் வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு இடங்களிலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. எழுத்து வசதிக்காக இனி இருவரையும் நிருவாகி என்றே சொல்கிறேன்.

நிருவாகி காட்டும் கணக்கு எத்தனை பக்கமாக இருந்தாலும் அது சில எளிய கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறது. இறந்த அன்று என்னென்ன இருந்தன, அதன் பிறகு என்ன வந்தது, என்ன செலவானது, மிஞ்சியது எவ்வளவு, அது யாருக்கு எந்த விகிதத்தில் போகிறது. இவற்றில் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதும், எங்கள் பக்கத்தில் அதிகம் குழம்புவதும் கடைசிக் கேள்வி என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வட மாகாணத்தைத் தமது நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் சட்ட வலு அளிக்கப்பட்ட இந்த வழமை, இன்று பெரும்பாலும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தோடும் சேர்த்தே வாசிக்கப்படுகிறது. பெயரில் யாழ்ப்பாணம் இருப்பதால் வன்னிக்கு இது பொருந்தாது என்று நினைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது பிழை. அதே நேரம், மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு எந்தச் சட்டம் என்பது அவர்களுடைய நிலையான வதிவிடம் எது என்பதைப் பொறுத்தது. தேசவழமை பொருந்தாவிட்டால் 1876ஆம் ஆண்டின் பொதுக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் இல்லாத வேளையில், முழுச் சொத்திலும் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்குப் போகிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

தேசவழமையில் சொத்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே பங்கு அமைகிறது. பெற்றோர் வழியாக வந்தது முதுசம். மணவாழ்க்கையின் போது, தன் தனிச்சொத்தைக் கொண்டு வாங்காமல், உழைத்து விலைகொடுத்து வாங்கியது தேடியதேட்டம். தனிச்சொத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த வருமானமும் தேடியதேட்டமே. மரணசாதனம் எழுதாமல் கணவன் இறந்தால், அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்கும் போகும். அவருடைய முதுசம் பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே சொத்து விபரப்பட்டியலில் ஒரு வயலுக்கு எதிரே ‘முதுசம்’ என்று எழுதுவதா ‘தேடியதேட்டம்’ என்று எழுதுவதா என்பது வெறும் பெயர்ப் பிரச்சினையாக நின்றுவிடாது. 45 இலட்சம் ரூபா பெறுமதியான மூன்று ஏக்கர் வயலும் மூன்று பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், அது தேடியதேட்டம் என்றால் தாய்க்கு 22 இலட்சத்து 50 ஆயிரம், பிள்ளைக்கு 7 இலட்சத்து 50 ஆயிரம். முதுசம் என்றால் பிள்ளைக்கு 15 இலட்சம், தாய்க்கு அந்த வயலில் எதுவுமில்லை. முதுசக் காணியை விற்ற காசில் வாங்கிய வயல், வாங்கிய ஆண்டு திருமணத்துக்குப் பிந்தியது என்பதற்காக மட்டும் தேடியதேட்டம் ஆகிவிடாது. இதைக் காணி உறுதியை (காணிப் பத்திரத்தை) கையில் எடுத்து, காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் தீர்க்க முடியும். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். சீதனம் பெற்ற மகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியும் இப்படியானதே. சீதன உறுதியைப் பார்த்துச் சட்டத்தரணி சொல்ல வேண்டியதை, ‘அவவுக்குக் குடுத்தாச்சு’ என்ற ஒரு வரியால் கொப்பியில் முடித்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

இனி ஒரு கணக்கை எடுத்து வாசிப்போம். ஆட்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு பிழையும் வீடுகளில் நடப்பது. பரந்தன் பக்கத்தில் ஒரு கமக்காரர் மரணசாதனம் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். சீதனமாக எவருக்கும் எதுவும் எழுதப்படவில்லை. மகன் நிருவாகி. மூன்று ஏக்கர் வயலும் வங்கிக் காசும் உழவு இயந்திரமும் தேடியதேட்டம். ஒரு வருடம் கழித்து மகன் காட்டும் கணக்கில் வரவு இப்படி இருக்கிறது: வங்கியிலிருந்து 800,000 ரூபா, உழவு இயந்திரம் விற்றது 950,000, காலபோக (மாரி விதைப்பு) வயல் குத்தகை 75,000. மொத்தம் 1,825,000. செலவுப் பக்கத்தில் செத்தவீடு 240,000, அந்தியேட்டி 160,000, உரக்கடைக் கடன் 90,000, வழக்குச் செலவு 120,000, அடகு நகை மீட்டது 180,000, வீடு திருத்தியது 300,000. மொத்தம் 1,090,000. மிச்சம் 735,000. அதில் தாய்க்குப் பாதி 367,500, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 122,500.

கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் சரி. அதனால்தான் இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் தலையாட்டிவிடத் தோன்றும். ஆனால் கூட்டலைச் சரிபார்த்தால் போதாது. இருக்க வேண்டிய எந்த வரி இல்லை என்று தேட வேண்டும்.

அடகு நகை மீட்டது என்று 180,000 ரூபா செலவு எழுதப்பட்டிருக்கிறது. மீட்ட நகை எங்கே? சொத்துப் பட்டியலில் நகை என்று ஒரு வரிகூட இல்லை. காசு வெளியே போயிருக்கிறது, அந்தக் காசுக்கு வந்த பொருள் கணக்கில் இல்லை. இளைய மகள் இதைக் கேட்கிறாள்: ‘அண்ணா, அந்தக் காப்புச் சோடி இப்ப ஆரிட்டை இருக்கு?’ அண்ணன் அதை ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்றில்லை. மீட்ட அன்றே தாயின் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்ததை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம். அந்த நகை தாயின் சீதன நகையாக இருந்து, தகப்பன் வயல் செலவுக்காக அடகு வைத்திருந்தால், நகை தாய்க்கே உரியது. மீட்ட காசு தகப்பன் பட்ட கடன். தகப்பன் தேடிய நகையாக இருந்தால் அது தேடியதேட்டத்தில் சேர்ந்து பங்குக்கு வர வேண்டும். எப்படியானாலும் ஒரு வரி எழுதப்பட வேண்டும், அடகுச்சிட்டை இணைக்கப்பட வேண்டும்.

அடுத்தது குத்தகை. காலபோகத்துக்கு 75,000 வந்திருக்கிறது. சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, எதுவும் இல்லை. இரணைமடுக் குளத்தின் நீரில் விளையும் வயல்களில் எல்லா வருடமும் எல்லாக் காணிக்கும் சிறுபோக நீர் கிடைப்பதில்லை. குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் எவ்வளவு விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். ஆகவே அண்ணன் ‘சிறுபோகம் விதைக்கேல்லை’ என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதைச் சண்டையில்லாமல் அறிந்துகொள்ள வழி இருக்கிறது. கமக்காரர் அமைப்பிலும் கமநல சேவை நிலையத்திலும் அந்தப் போகத்துக்கு யார் எவ்வளவு விதைத்தார் என்ற விபரம் இருக்கும். எங்கள் உதாரணத்தில் இரண்டு ஏக்கருக்கு நீர் கிடைத்தது, குத்தகை 50,000 வந்தது, அது விடுபட்டுப்போனது. இறந்த பிறகு வரும் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. தகப்பன் விட்டுப்போனதை எழுதுகிறவர்கள், அதன் பிறகு அந்தச் சொத்து ஈட்டியதை எழுத மறக்கிறார்கள். வங்கி வைப்பின் வட்டி, கடை வாடகை, தென்னங்காய் விற்ற காசு எல்லாம் இதே வகை.

வீடு திருத்திய 300,000 எந்த வீட்டுக்கு? சொத்துத் தொகுதியைச் சேர்ந்த வீட்டின் கூரை ஒழுகி, அதைப் பாதுகாக்கச் செலவு செய்திருந்தால் அது நியாயமான செலவு. அண்ணன் தன் மனைவியின் சீதனக் காணியில் இருக்கும் வீட்டுக்கு மலசலகூடம் கட்டியிருந்தால், அது அவருடைய சொந்தச் செலவு. இங்கே இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டையும் திருத்தினால் வரவு 1,875,000, செலவு 790,000, மிச்சம் 1,085,000. தாயின் பங்கு 542,500. பிள்ளைக்கு ஏறத்தாழ 180,833. முதலில் சொன்னதைவிட ஒவ்வொரு பிள்ளைக்கும் 58,000 ரூபாவுக்கு மேல் கூடுகிறது, தாய்க்கு 175,000 கூடுகிறது. நகையின் பெறுமதி இதற்குள் இல்லை.

செத்தவீட்டுச் செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் தரத்துக்கு ஏற்ற நியாயமான ஈமச்செலவு சொத்திலிருந்து முதலில் கழிக்கப்படத் தக்கது. ஆனால் எங்கள் வீடுகளில் அந்தச் செலவுக்குக் காசு பல கைகளிலிருந்து வருகிறது. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்புகிறார், மரண உதவிச் சங்கம் கொடுக்கிறது, அயலவர் அரிசி மூடை இறக்குகிறார்கள். 240,000 செலவில் 150,000 இப்படி வந்த உதவியால் தீர்ந்திருக்க, முழு 240,000மும் சொத்திலிருந்து கழிக்கப்பட்டால், அந்த 150,000 யாரோ ஒருவரின் கையில் தங்கிவிடுகிறது. அனுப்பியவர் அதை நன்கொடையாகக் கொடுத்தாரா கடனாகக் கொடுத்தாரா என்று அவரிடமே ஒரு குறுஞ்செய்தியில் கேட்டு, பதிலைக் கணக்கோடு வைத்தால் பிரச்சினை அங்கேயே முடிகிறது. அந்தியேட்டி, ஆட்டத்திவசம் போன்றவற்றுக்கான பெருஞ்செலவை எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிவைப்பது நல்லது. ஒருவர் தன் விருப்பப்படி செய்த செலவை மற்றவர்களின் பங்கிலிருந்து கழிப்பதை நீதிமன்றம் அப்படியே ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நிருவாகிக்கு எதிராக நடக்கும் பிழைகளும் உண்டு, அவற்றையும் பங்குள்ளவர்கள் தேடிப்பார்ப்பது நியாயம். நீதிமன்றத் தவணைகளுக்குப் போய்வந்த பஸ் காசு, பத்திரப் பிரதிக் கட்டணம், விற்பதற்கு முன் உழவு இயந்திரத்தைத் திருத்திய செலவு ஆகியவற்றை அவர் தன் கையிலிருந்து போட்டிருந்தால் அவருக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும். அவருடைய உழைப்புக்கு ஒரு தரகுத் தொகையும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதற்குச் சட்டமே உச்ச வரம்பு வைத்திருக்கிறது, அவர் தானாக ஒரு தொகையை எடுத்துக்கொள்ள முடியாது.

வன்னிக்கே உரிய இன்னொரு பிழை, அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த பெர்மிற் காணியைப் பொதுச் சொத்தோடு கலந்து பங்கு போடுவது. குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணிக்கு வாரிசு முறை தனியானது. அங்கே பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் யார் என்பதே முக்கியம்.  அந்தக் காணியைக் கணக்கில் சேர்த்து மூன்றாகப் பிரித்துக் காட்டினால், பார்ப்பதற்குச் சமமாகத் தெரிந்தாலும் சட்டத்தில் அது நிற்காது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவைப் பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

போரில் காணாமற்போன பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து விட்டுவிடுவதும் நடக்கிறது. அது மிகவும் வேதனையான பிழை. திருத்தப்பட்ட சட்டத்தின்படி 2016 முதல் காணாமற்போனோருக்கு இன்மைச் சான்றிதழ் பெற இடமிருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்க்கு அது ஒரு வழி. அந்தப் பிள்ளைக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தால், அவர்களைக் கேட்காமல் மற்றவர்கள் தங்களுக்குள் பங்கைப் பிரித்துக்கொள்ளக் கூடாது.

பங்குள்ளவர் எவற்றைக் கேட்கலாம் என்பதை இப்போது சொல்லலாம். நீதிமன்றத்தின் அதிகாரப் பத்திரம் நிருவாகிக்குக் கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள், அல்லது நீதிமன்றம் நீடித்துக் கொடுக்கும் காலத்துக்குள், உண்மையான இறுதிக் கணக்கைச் சத்தியம் செய்து, பற்றுச்சீட்டுகளையும் இணைத்து நீதிமன்றத்தில் கொடுப்பது நிருவாகியின் கடமை. இதற்காக யாரும் அவரிடம் தயவு கேட்க வேண்டியதில்லை. வழக்கேட்டில் உள்ள சொத்து விபரப்பட்டியலுக்கும் கணக்குக்கும் பங்குள்ளவர் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டுப் பெறலாம். கணக்கு வராவிட்டால், அதைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டளையிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வந்த கணக்கில் பிழை இருந்தால் குறிப்பிட்ட வரியைச் சுட்டி ஆட்சேபிக்கலாம். ஒரு வருடம் கடந்தும் பங்குக் காசைத் தக்க காரணமில்லாமல் கையில் வைத்திருக்கும் நிருவாகி, அந்தக் காசுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்து வட்டி கொடுக்கக் கடமைப்பட்டவர். மோசமாக நடந்தால் அவருக்குக் கொடுத்த அதிகாரத்தை நீதிமன்றம் திரும்பப் பெறவும் கூடும். வயது வராத பிள்ளைகளின் காசை நீதிமன்றத்தில் வைப்பிடவும் வழி உண்டு. தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேட்க முடியாதவையும் உண்டு. கடன்கள் தீரும் முன் பங்கைக் கையில் தரும்படி வற்புறுத்த முடியாது. மரணசாதனத்தில் ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட காணி மட்டும் எழுதப்பட்டு, மிச்சச் சொத்து வேறொருவருக்குப் போயிருந்தால், அந்தக் காணி முழுமையாகக் கிடைக்கிறதா என்பதே முதலாமவரின் கவலை. மிச்சத்தின் ஒவ்வொரு சதத்தையும் கேட்கும் இடத்தில் இருப்பவர் இரண்டாமவர்.

பல குடும்பங்கள் மரணசாதன வழக்கே போடுவதில்லை. அப்போது கணக்குக் கொடுக்கச் சத்தியம் செய்த நிருவாகி என்று எவரும் இல்லை. ஆனால் சொத்தை எடுத்து ஆண்டவர், மற்றவர்களின் பங்குக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து அதனால் தப்பிவிட மாட்டார். காணியைப் பிரிக்க 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் இருக்கிறது. வழக்குக்கு முன் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் ஒன்று. ‘நீ காசு அடிச்சிட்டாய்’ என்று தொடங்கும் பேச்சில் கொப்பி மூடப்படுகிறது. ‘அண்ணா, இந்த மூன்று வரிக்கும் சிட்டை வேணும், சிறுபோகக் காசும் நகையும் எழுதப்படேல்லை’ என்று ஒரு தாளில் எழுதித் திகதியிட்டுக் கொடுத்து, பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், நேர்மையான அண்ணனுக்கு எதைத் திருத்துவது என்று தெரியும். நேர்மையில்லாதவர் என்றால், நீதிமன்றத்தில் காட்ட அந்தத் தாள் இருக்கும்.

பங்குக் காசைக் கையில் தரும்போது, பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிய ஒரு பற்றுச்சீட்டு நீட்டப்படும். ‘என் முழுப் பங்கையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் இருக்கும். கணக்கு முடியாத நிலையில் அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். காசு அவசரமாகத் தேவை என்றால், ‘இன்ன திகதியில் இவ்வளவு ரூபாவை, இறுதிக் கணக்குக்கு உட்பட்டு, என் பங்கின் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்து வைக்கலாம்.